யோசிச்சுச் சொல்றேனுங்க

ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க, எனக்கு வேண்டாமுங்க. முப்பத்திமூணு வருசம் பஸ்ல நின்னுட்டே போனவன். உக்காந்து போறதே எனக்கு இன்னும் சரியாப் பழகலை. அந்த மூட்டையா? ஒரு குக்கரும் நாலு ஏனமும்தான். காலை இடிச்சாச் சொல்லுங்க, இந்தப் பக்கம் இழுத்துக்கறேன்.

வால்பாறையே சொந்த ஊருங்களா? நல்லதுங்க. நான் உடுமலை. பேரு திருமூர்த்தி. அரசு பஸ்ல கண்டக்டர், உடுமலை பழனி ரூட்டு. ரிட்டையர் ஆகிப் பத்து வருசம் ஆச்சு. இந்த மலைக்கு இப்பத்தான் மொதத் தடவையா வர்றேன். என்ற வீட்டுக்காரி மேல இருக்காளுங்க, அவகிட்டத்தான் போறேன். அவ எதுக்கு மேல இருக்கா, நீங்க எதுக்குக் கீழ இருந்தீங்கன்னு கேப்பீங்க.

கேக்கலீங்களா? சரி, நானே சொல்றேன். ஆழியாறே இப்பத்தான் தாண்டறோம். நாப்பது வளைவு இருக்குதல்லங்க.

எங்களுக்கு மகள் ஒருத்திதானுங்க. கோகிலவாணி. மாப்பிள்ளையோட மெல்போர்ன்ல இருக்கறா. தை மாசம் போன் பண்ணி, "அப்பா, நீங்களும் அம்மாவும் இங்கயே வந்து எங்ககூட இருந்துருங்க. புது ஊரு, புது வாழ்க்கை"ன்னா. எனக்குச் சரின்னு பட்டுது. உடனே சரின்னுட்டேன். வீட்டை வாடகைக்கு விட ஆள்கூடப் பாத்து வச்சுட்டேன். ஒரு வாரம் கழிச்சுத் துளசிகிட்டச் சொன்னேன். துளசிமணி, என்ற வீட்டுக்காரி. வெங்காயம் உரிச்சுட்டிருந்தா. "அப்படிங்களா"ன்னா. அவ்வளவுதான். நாப்பத்திமூணு வருசமா அவ அப்படிங்களான்னா அது சம்மதந்தானுங்க. நான் வேற எப்படி எடுத்துக்கறது?

விசாவுக்குக் கல்யாணத்தைப் பதிவு பண்ணின சான்றிதழ் வேணும்னாங்க. எங்க காலத்துல யாருங்க பதிவு பண்ணினாங்க? பரண்ல தேடிப் பத்திரிகை ஒண்ணு எடுத்தேன். போட்டோ, ஆதாரு, பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேரு சாட்சி, எல்லாத்தையும் தயார் பண்ணிட்டுப் பதிவு ஆபீசுக்குப் போனோம். எல்லாமே நான்தான் பண்ணினேன். அவளுக்கு ஒரு சிரமம் வைக்கலை. வந்து கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

ஆபீசர் ஒரு சின்னப் பொண்ணுங்க. பேப்பரெல்லாம் ஒழுங்காத்தான் பாத்துச்சு. கடைசியில சிரிச்சுட்டே, "அம்மா, உங்களுக்குச் சம்மதந்தானுங்களே?"ன்னு கேட்டுச்சு. அப்படிக் கேக்கணும்னு சட்டம் இருக்குதோ, வயசானவங்களாச்சேன்னு விளையாட்டுக்குக் கேட்டுச்சோ, எனக்குத் தெரியாதுங்க.

துளசி கையில பேனா வச்சிருந்தா. அதை மூடிக் கீழ வச்சுட்டா.

"யோசிச்சுச் சொல்றேனுங்க"ன்னா.

அந்தப் பொண்ணு மறுபடி சிரிச்சுச்சு. துளசி சிரிக்கலை. அதைப் பாத்துட்டு அதும் நிறுத்திருச்சு. சாட்சி ரெண்டு பேரும் சுவத்துல இருக்கற போர்டைப் படிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

"இதுல யோசிக்க என்ன புள்ள இருக்குது?"ன்னேன். "நாப்பத்திமூணு வருசம் ஆச்சு."

"அப்ப யாரும் கேக்கலைங்க. இவங்கதான் மொதல்ல கேக்கறாங்க. கேட்டாங்கன்னா யோசிச்சுத்தானுங்க பதில் சொல்லோணும்?"

ஆபீசர் பொண்ணு, "எத்தனை நாள் வேணும்மா?"ன்னு கேக்குது. அதுக்கென்ன வந்துச்சுங்க? பஸ் நிறுத்தத்துல நிக்கறவங்ககிட்ட, ஏறலாமா வேண்டாமான்னு நெனச்சுப் பாத்துச் சொல்லுங்கன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

"ஒரு மாசம் வேணுங்க"ன்னா துளசி.

வெளிய வந்து ஆட்டோ ஏறினோம். நான் டிரைவர் பக்கத்துல போய் உக்காந்துக்கிட்டேன். கோவக்காரன்னு நெனச்சுக்காதீங்க. நான் கை நீட்டினவன் கிடையாது. குடி கிடையாது. சீட்டு கிடையாது. சம்பளம் வாங்கினா நேரா வீட்டுக்கு. எங்க டிப்போவுல என்னைய மாதிரி ஒரு ஆளைக் காட்டுங்க பாப்போம். அவளுக்கு என்ன குறைன்னு நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், மூட்டு வலி ஒண்ணுதான் தோணுச்சு. மறுநாள் தைலம் வாங்கியாந்து குடுத்தேன். வாங்கி வச்சுக்கிட்டா.

அன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும். துளசி முன்னறையில நாற்காலி போட்டு உக்காந்துட்டா. அது நான் உக்கார்ற நாற்காலி. சரி, பரவால்லைன்னு நின்னேன்.

"ஏனுங்க, நீங்க போய்க் காப்பி வச்சுக் கொண்டாங்க"ன்னா.

"காலு வலிக்குதா?"ன்னேன்.

"இல்லீங்க. பொண்ணு பாக்க வந்தப்ப நான் கொண்டாந்து குடுத்தனல்லங்க. உங்க அம்மா, உங்க மாமன், நீங்க, எல்லாரும் வரிசையா உக்காந்து என்னையப் பாத்தீங்க. கேள்வி கேட்டீங்க. நான் ஒண்ணும் கேக்கலை. இப்ப யோசிக்கச் சொல்லியிருக்காங்கல்லங்க, அதனால நானும் பாக்கறேன்."

நான் என்ன பண்றதுங்க? சான்றிதழ் வேணும். உள்ள போனேன். காப்பித்தூள் எந்த டப்பாவுல இருக்குதுன்னு கேக்கறதுக்கு ரெண்டு தடவை வெளிய வந்தேன், சக்கரைக்கு ஒரு தடவை வந்தேன். பால் அடிப்பிடிச்சுருச்சு. கொண்டாந்து குடுத்தேன். ஒரு வாய் குடிச்சுட்டு டம்ளரை ஓரமா வச்சா.

"சமைக்கத் தெரியுங்களா?"

"என்ன புள்ள இது, தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"பாடத் தெரியுங்களா?"

நல்லவேளை, வீட்டுல யாரும் இல்லை. முருகன் பாட்டு ரெண்டு வரி பாடினேன். எதிர்வீட்டு நாய் குரைச்சுது. துளசி கையைக் கட்டிக்கிட்டுக் கேட்டா. அப்புறம், "செத்த நடந்து காட்டுங்க"ன்னா.

இதுக்கு மட்டும் எனக்குச் சுருக்குன்னுச்சுங்க. ஏன்னா எனக்கு ஞாபகம் இருந்துச்சு. எங்க மாமன்தான் அவளை நடந்து காட்டச் சொன்னாரு, ஊனம் கீனம் இருக்குதான்னு பாக்க. பெதப்பம்பட்டிப் பக்கம் அவங்க வீட்டு ஆசாரத்துல, அதான் முன்கூடத்துல, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அவ நடந்தா. நான் தலையைக் குனிஞ்சு மிச்சரைத் தின்னுட்டிருந்தேன். மாமன் பெரியவரு, அவரை நான் எப்படிங்க தடுக்கறது?

நடந்தேன். டிவி பெட்டி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன்.

"இடது காலு சரியில்லைங்களே"ன்னா.

"படிக்கட்டுல தொத்தித் தொத்தி வந்த காலு புள்ள. உனக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியாதுங்க. நீங்க ஒரு நாளும் சொல்லலை"ன்னா.

இது என்னடா, விளையாடறாளா, புத்தி கித்தி பிசகிருச்சான்னு எனக்கு வெசனம் ஆயிருச்சு. கோகிலாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவ சிரிச்சா பாருங்க, நெம்ப நேரம் சிரிச்சா. "அப்பா, அம்மா கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லுங்க. மறைக்காமச் சொல்லுங்க"ன்னா. "நான் என்னத்தைக் கண்ணு மறைச்சேன்?"னு கேட்டேன். அதுக்கு அவ சிரிக்கலைங்க.

தினமும் அஞ்சு மணிக்கு ஒரு கேள்வி. நான் காப்பி வைக்கோணும், அவ கேக்கோணும். ஒரு வாரத்துல காப்பி கொஞ்சம் குடிக்கற மாதிரி வந்துச்சு. கேள்விதான் ஒண்ணுக்கொண்ணு மோசமாப் போச்சு. "எனக்குப் பிடிச்ச பலகாரம் என்னங்க?"ன்னா. அதிரசம்னேன். அது உங்களுக்குப் பிடிச்சதுன்னா. கோகிலா பொறந்த அன்னைக்கு எங்க இருந்தீங்கன்னா. டூட்டியிலன்னேன். அன்னைக்கு உங்களுக்கு லீவுன்னா. சாமி சத்தியமா எனக்கு ஞாபகம் இல்லீங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா அங்க பொம்பளைங்க கூட்டம், நாம போய் என்ன பண்றதுன்னு நான்தான் கேட்டு டூட்டி வாங்கிட்டுப் போனேனாம். அவ சொல்றா. இருக்கும்.

அங்க பாருங்க, வரையாடு. எங்கியா? பாறைக்கு மேலங்க. போயிருச்சு. ஒம்பதாவது வளைவுல நிக்கும்னு துளசி சொல்லியிருந்தா. சரியாத்தான் சொல்லியிருக்கா.

எங்க விட்டேன்? ஆங், கேள்வி. ரெண்டாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை. காப்பியைக் குடிச்சு முடிச்சா. டம்ளரைக் கவுத்து வச்சுட்டு, "என்கிட்டச் சொல்லாம வச்சிருக்கறது ஏதாவது இருக்குதுங்களா?"ன்னு கேட்டா.

"ஒண்ணும் இல்லை"ன்னேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நாளைக்கும் இதேதான் கேப்பேன்."

மறுநாள், அவ அம்மா வீட்டுச் சீதனமா வந்த பீங்கான் ஜாடியை உடைச்சது பூனை இல்லை, நான்தான்னு சொன்னேன். "சரிங்க, அப்புறம்?"னா. அடுத்த நாள், அவ அண்ணன் ஊர்க்கோயில் நோம்பிக்குக் கூப்பிட்டு லெட்டர் போட்டிருந்தப்ப லீவு கிடைக்கலைன்னு சொன்னது பொய்யின்னு சொன்னேன். "சரிங்க, அப்புறம்?" அவ பின்னல் மெலிஞ்சுபோச்சுன்னு சாவித்திரி டாக்கீஸ் வரிசையில சிநேகிதன்கிட்டச் சொல்லிச் சிரிச்சதைச் சொன்னேன். எப்பவோ நடந்தது. அதுக்கும் சரிங்கதான். இப்படி எட்டு நாள். மனுசன் வாழ்ந்த வாழ்க்கையில சல்லடை போட்டுச் சலிச்சா எத்தனை கெடைக்கும் பாருங்க. நான் நல்லவன்தானுங்க. நானே எட்டு நாள் சொன்னேன்னா மத்தவனெல்லாம் எத்தனை மாசம் சொல்லோணும்!

ஒம்பதாவது நாள் சொல்ல ஒண்ணும் இல்லாமப் போச்சு. அது ஒண்ணைத் தவிர.

உங்ககிட்டச் சொல்றதுல என்ன இருக்குது, நீங்க யாரோ நான் யாரோ. கல்யாணமாகி ரெண்டாம் வருசம். அப்பப் பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆரம்பிச்ச சமயம். ஊருக்கு ஊரு அமைப்பாளர் வேலைக்குப் பொம்பளைங்களை எடுத்தாங்க. நாங்க அப்ப உடுமலைக்குப் பக்கத்துல ஒரு கிராமத்துல குடியிருந்தோம். துளசி எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணினவ. எழுதிப் போட்டா. நான்தான் விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் குடுத்தேன், வேண்டாம்னு சொல்லலை. கெடைக்காதுன்னு நெனச்சேன்.

ஆர்டர் வந்துருச்சு. காலையில டூட்டிக்குக் கிளம்பிட்டிருக்கறேன், தெருமுனையில தபால்காரர் நிறுத்தி என் கையில குடுத்தாரு. பதினஞ்சு நாளுக்குள்ள வந்து வேலையில சேரோணும்னு போட்டிருந்துச்சு. நான் அதைக் கண்டக்டர் பையில வச்சேன். நான் மறைக்கலீங்க. குடுக்கலை, அவ்வளவுதான். சாயங்காலம் குடுக்கலாம்னு இருந்தேன். சாயங்காலம் என்ற அம்மா ஏதோ உடம்பு சரியில்லைன்னு படுத்திருந்துச்சு. இவளும் வேலைக்குப் போயிட்டா அம்மாவை யாரு பாக்கறதுன்னு தோணுச்சு. மறுநாள் குடுக்கலாம்னு இருந்தேன். அப்படியே பதினஞ்சு நாள் பையில இருந்துச்சு. டிக்கெட் எடுக்கக் கைய விடும்போதெல்லாம் விரல்ல படும். பதினாறாவது நாள் மடத்துக்குளம் ஆத்துப் பாலத்துல வண்டி போறப்பக் கிழிச்சு வெளிய விட்டேன்.

எனக்கு எஸ்.எஸ்.எல்.சி. ஒரு பேப்பர்ல போச்சுங்க. கணக்குல. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சும்மா சொன்னேன்.

அவ ரெண்டு மாசம் தினமும் கேப்பா, "தபால் ஏதாச்சும் வந்துதுங்களா"ன்னு. அப்புறம் கேக்கறதை விட்டுட்டா. சரி, மறந்துட்டான்னு நானும் விட்டுட்டேன். அந்த வேலை கெழக்கு வீதியில ஒரு புள்ளைக்குப் போச்சு. தினமும் மத்தியானம் எங்க வீட்டு வாசல் வழியாத்தான் அது சாவிக்கொத்தோட போகும்.

இதைத்தான் ஒம்பதாவது நாள் சொன்னேன். எப்படிச் சொன்னேன்னு கேக்காதீங்க. காப்பி டம்ளரைப் பாத்துட்டே சொன்னேன். சொல்லி முடிச்சுட்டு, அழுவாளோ, திட்டுவாளோன்னு பாத்தா, துளசி முந்தானையில மூக்கைத் துடைச்சுட்டு, "தெரியுமுங்க"ன்னா.

"என்ன தெரியும்?"

"ஆர்டர் வந்தது. அந்த வருசம் பொங்கலுக்குத் தபால்காரர் இனாம் வாங்க வந்தாரு. வேலை எப்படிம்மா இருக்குதுன்னு கேட்டாரு. என்ன வேலைன்னேன். அவருக்கு மொகம் மாறிப்போச்சு, இனாமும் வாங்காமப் போயிட்டாரு."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நாப்பது வருசமுங்க! நாப்பது வருசம் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, தினமும் சோறு போட்டுக்கிட்டு, என்ற அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் எல்லாம் பாத்துக்கிட்டு, ஒரு வார்த்தை பேசலை. இது எவ்வளவு பெரிய அழுத்தம்!

"ஏன் புள்ள கேக்கலை? கேட்டிருக்கலாமல்ல?"ன்னு சத்தம் போட்டேன்.

"கேட்டிருந்தா என்னங்க சொல்லியிருப்பீங்க?"

நான் யோசிச்சேன். நெசமாவே யோசிச்சேன். "தபால் வரலைன்னு சொல்லியிருப்பேன்"னேன்.

"அதானுங்க கேக்கலை. ஒரு பொய்யோட இருக்கறது பத்தாதா, எதுக்குங்க ரெண்டுன்னுதான்."

வெளிச்சம் போயிட்டிருந்துச்சு, எந்திரிச்சு லைட்டைப் போட்டேன். மனசுல ஒரு வேகம் வந்து, "எல்லாம் என்னையவே கேக்கறயே, உன்கிட்ட ஒண்ணும் இல்லையா?"ன்னேன்.

"ஒண்ணு இருக்குதுங்க"ன்னா. "ஒரு தடவை ஓடிப்போனேன்."

கேளுங்க. கோகிலா மூணாவது படிக்கறப்பவாம். ஒரு செவ்வாக்கிழமை. மகளைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு, என்ற அம்மாவுக்குச் சோறு எடுத்து மூடி வச்சுட்டு, ரெண்டு சீலையைப் பையில போட்டுக்கிட்டு கோயமுத்தூர் வண்டியில ஏறிட்டா. ஒரு சிநேகிதி அங்க மில்லுல இருந்துச்சாம், அவ சொல்லி வேலை வாங்கிக்கலாம், அப்புறம் மகளைக் கூட்டிக்கலாம்னு நெனப்பு. வண்டி கிளம்பிருச்சு. கண்டக்டர் யாருன்னா, என்ற சிநேகிதன் செல்லமுத்து. இவளைப் பாத்ததும், "அட, வாங்கக்கா, அண்ணன் எப்படி இருக்காரு"ன்னு கேட்டிருக்கான். இவ டிக்கெட்டுக்குக் காசை நீட்டியிருக்கா. "உங்ககிட்டப் போயி காசு வாங்கறதா, வையுங்கக்கா, நம்ம அண்ணன் வீடு"ன்னு சொல்லிட்டு அப்படியே போயிட்டானாம்.

"டிக்கெட் இல்லாம எப்படிங்க ஓடிப்போறது?"ன்னு கேக்கறா துளசி. "திருமூர்த்தி சம்சாரம்னு சும்மா கூட்டிட்டுப் போறாங்க. அப்படிப் போனா உங்களை விட்டுட்டுப் போன மாதிரி இல்லைங்களே. அடுத்த நிறுத்தத்துல எறங்கிட்டேன். நடந்தே வந்துட்டேன். அம்மா இன்னும் சாப்பிடக்கூட இல்லை."

அன்னைக்குச் சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்திருப்பேன். சாப்பிட்டிருப்பேன். என்ன கொழம்புன்னுகூட ஞாபகம் இல்லீங்க.

செல்லமுத்து நல்ல மனுசன், இப்ப இல்லை, போய்ச் சேந்துட்டான். ஆனா டிக்கெட் குடுக்காம ஆளை ஏத்துனது தப்புதானுங்களே? செக்கிங் வந்திருந்தா என்ன ஆகறது? அவளுக்கு அபராதம், இவனுக்கு மெமோ. நான் யாருக்கும் அப்படிப் பண்ணினதில்லை. சொந்தத் தங்கச்சிக்கே டிக்கெட் கிழிச்சவன் நானு. அன்னைக்கு அந்த வண்டியில என்னைய மாதிரி ஒருத்தன் இருந்து, முறைப்படி ஒரு டிக்கெட் கிழிச்சுக் குடுத்திருந்தான்னா...

செத்த இருங்க. தண்ணி குடிச்சுக்கறேன்.

வளைவுல தலை சுத்துதுங்க. ஒண்ணுமில்லை.

அதுக்கப்புறம் கேள்வி இல்லை. அஞ்சு மணிக்கு நான் காப்பி வச்சுட்டுத்தான் இருந்தேன். ரெண்டு பேரும் குடிப்போம். மாசம் முடிய நாலு நாள் இருக்கறப்பச் சொன்னா, "வால்பாறை போற வழியில பனிச்சோலை எஸ்டேட்ல பிள்ளைங்க காப்பகம் ஒண்ணு இருக்குது, தோட்டத்துக்குப் போறவங்க குழந்தைகளை விட்டுட்டுப் போவாங்க, அதைப் பாத்துக்க, ஆக்கிப் போட ஒரு பொறுப்பான பொம்பளை வேணும்னு பேப்பர்ல பாத்து எழுதிப் போட்டேன், வரச் சொல்லிட்டாங்க, ரெண்டு ரூம்பு வீடும் குடுக்கறாங்க"ன்னு. எழுதிப் போட்டது எப்பன்னா, நான் மெல்போர்ன் போறோம்னு சொன்ன மறுநாளாம். தபாலை வீட்டு விலாசத்துக்குப் போடச் சொல்லலையாம். பக்கத்து வீட்டு விலாசம் குடுத்திருக்கா.

எனக்கு அதுதானுங்க சங்கடமாப் போச்சு. இப்ப நான் குடுத்திருக்க மாட்டனா?

"அறுவத்திமூணு வயசுல வேலையா?"ன்னேன்.

"சத்துணவுல இருந்திருந்தா இந்நேரம் ரிட்டையர் ஆகியிருப்பேன். ஆகலையல்லங்க?"

"அப்ப மெல்போர்ன்?"

"லீவு குடுப்பாங்கல்லங்க. லீவுல ரெண்டு பேரும் போயிட்டு வரலாம். பேரனைப் பாக்கோணும்னு எனக்கும் ஆசைதான்."

"நான்?"

"வந்தா வாங்க. அங்க சோறு ஆக்கறது நானு, காய் நறுக்கறது, குழந்தைகளுக்குக் கை கழுவி விடறது, இதுக்கெல்லாம் ஆள் இல்லை. வரலைன்னாலும் பரவால்லைங்க. கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுத்தான் போவேன்."

சொன்ன மாதிரியே மாசம் முடிஞ்ச அன்னைக்குப் பதிவு ஆபீசுக்கு வந்தா. அதே ஆபீசர் பொண்ணு. இந்தத் தடவை சிரிக்கலை. "சம்மதங்களா அம்மா?"

"சம்மதமுங்க"ன்னா. முழுப் பேரையும் நிறுத்தி நிதானமா எழுதினா. அவ கையெழுத்தை நான் அப்பத்தான் ஒழுங்காப் பாத்தேன். அச்சு மாதிரி இருந்துச்சு.

அந்தப் பொண்ணு என்ற பக்கம் திரும்புச்சு. "ஐயா, உங்களுக்கு?"

என்னைய யாருங்க கேட்டா அன்னைக்கு? அம்மா பாத்துச்சு, மாமன் முடிச்சாரு. நான் மிச்சர் தின்னேன். துளசி வச்ச பேனாவை எடுத்து மூடறேன், திறக்கறேன், மறுபடி மூடறேன். சாட்சி ரெண்டு பேரும் மறுபடி போர்டைப் படிக்க ஆரம்பிச்சுட்டாங்க. துளசி குனிஞ்சு, "அவசரமில்லீங்க, வேணும்னா ஒரு மாசம் எடுத்துக்குங்க"ன்னா. கிண்டலுக்குத்தான் சொன்னான்னு நெனைக்கறேன். மொகத்தை வச்சுக் கண்டுபிடிக்க முடியலை.

சம்மதம்னுட்டேன். சத்தமாவே சொல்லிட்டேன் போல, பக்கத்து ரூம்புல இருந்து எட்டிப் பாத்தாங்க.

மறுநாளே கிளம்பிட்டா. நான் போகலீங்க. ஒரு வாரத்துல குளுரு தாங்காமத் திரும்பி வந்துருவான்னு கணக்கு. வரலை. தினமும் சாயங்காலம் போன் பண்ணுவா. முப்பத்தியாறு குழந்தைங்களாம். ஒண்ணு மண்ணைத் திங்குதாம். ஒண்ணு இவ மடியிலதான் தூங்குமாம். கதவுக்கு வெளிய காட்டுமாடு வந்து நின்னுச்சாம், இவ தட்டைத் தட்டி விரட்டினாளாம். துளசிங்க! பல்லிக்குப் பயப்படறவ. இல்லை, பயப்படறவன்னு நெனச்சுட்டிருந்தேன். எல்லாம் சொல்லுவா. சாப்பிட்டீங்களான்னு மட்டும் ஒரு நாளும் கேக்கலீங்க. கேப்பா, கேப்பான்னு நானும் போனைப் பிடிச்சுட்டே இருப்பேன். "சரிங்க, வெச்சுடட்டுங்களா, பாத்திரம் கெடக்குது"ன்னு வச்சுருவா.

மூணு வாரம் மெஸ்ஸுல சாப்பிட்டேன். அஞ்சு மணிக்குக் காப்பி வைப்பேன். பழக்கதோசம், ரெண்டு டம்ளர் வச்சுருவேன். இப்ப நெம்ப நல்லா வைக்கறேன், குடிக்கத்தான் ஆளில்லை. நேத்துப் போன்ல கேட்டேன், "காய் நறுக்க ஆள் கெடைச்சுதா?"ன்னு. அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கற சத்தம் கேட்டுது. அப்புறம், "இல்லீங்க. காலி இடந்தான்"னா.

அதான் கிளம்பிட்டேன். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்தாச்சு. முந்தாநாள் ஒரு கிலோ பீன்ஸ் வாங்கி நறுக்கிப் பழகினேன், கையைப் பாருங்க. சின்ன வெட்டுதான்.

பனிச்சோலைன்னு கத்தறாரே, இதுதானுங்களா? சரிங்க. அந்த மூட்டையைக் கொஞ்சம் தள்ளுங்க. பரவால்லை, நானே தூக்கிக்கறேன்.

நிறுத்தத்துல யாரும் இல்லை பாருங்க. மணி பன்னண்டரை, குழந்தைகளுக்குச் சோறு போடற நேரம். அவ எப்படிங்க வருவா? "நான் வர மாட்டேன், நீங்களே விசாரிச்சுட்டு வாங்க, யாரைக் கேட்டாலும் துளசிமணியம்மா வீட்டுக்காரர்னு சொல்லுங்க, காட்டுவாங்க"ன்னு சொல்லியிருக்கா.

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல நின்னுட்டு துளசிமணியம்மா வீட்டுக்காரர்னு எனக்கு நானே ரெண்டு மூணு தடவை சொல்லிப் பாத்தனுங்க. மொதல்ல வாயில வரலை. இப்ப வருது.